படி ஏறாமல் ராயக்கோட்டை: 360 டிகிரி படத்தில் மலையும் காடும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கோட்டை தெரியும். ஏறிப் போகப் படிகள் உண்டு; வெறும் பாறைச் சரிவில் கால் ஊன்றி ஏற வேண்டிய இடங்களும் உண்டு. குடும்பமாக வந்தவர்களில் சக்கர நாற்காலிக்காரர் கீழே வண்டியிலேயே தங்கிவிடுகிறார். மேலே போனவர்கள் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து போனை நீட்டுகிறார்கள். நாற்பது படம் இருக்கும். முப்பத்தைந்தில் அவர்கள் முகம், பின்னால் கொஞ்சம் சுவர். அந்தச் சுவருக்கு இடப்பக்கம் என்ன இருந்தது, காலடியில் பாறையா புல்லா, ஏறி வந்த வழி எந்தப் பக்கம் என்று கேட்டால் படத்தில் பதில் இல்லை.

சாதாரணப் படத்தில் எதைப் பார்ப்பது என்பதை எடுத்தவரே முடிவு செய்துவிடுகிறார். 360 டிகிரி படத்தில் அந்த முடிவு பார்ப்பவர் கைக்குப் போகிறது. அவர் இடப்பக்கம் திரும்பலாம், குனிந்து தரையைப் பார்க்கலாம், எல்லோரும் அருவியைப் பார்க்கும்போது இவர் மட்டும் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்க்கலாம்.

இது சரிவுப்பாதைக்கு மாற்று அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "அதான் படம் காட்டிவிட்டோமே, ரேம்ப் எதற்கு" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. இதற்கு இரண்டு பயன்கள். ஒன்று, எந்த வழியிலும் போக முடியாத இடத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பது. இன்னொன்று, எதுவரை தன்னால் போக முடியும் என்று புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது. பலரும் முதலாவதைத்தான் பேசுகிறார்கள். இரண்டாவதுதான் பெரிய பயன் என்பது எங்கள் கணிப்பு. ஊன்றுகோலோடு நடப்பவர், மூட்டு தேய்ந்தவர், ஒரு கால் மட்டும் பலவீனமானவர் ஆகியோரில் பலர் பாதி வழி போகக்கூடியவர்கள். அந்தப் பாதி எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லாததால்தான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இரண்டு பரிசல்

ஒகேனக்கல்லில் பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு பரிசலுக்குள் தலையை விட்டபடி, கீழே நிமிர்த்தி வைத்த இன்னொரு பரிசலில் உட்கார்ந்து, இரண்டின் விளிம்பும் ஒட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பரிசலின் உட்சுவர்தான். அந்தச் சுவர் முழுக்க மலையும் வானமும் வரைந்திருந்தால் அதுதான் 360 டிகிரி படம். நடுவில் இருப்பது உங்கள் தலை.

360 கேமராவும் ஏறக்குறைய இப்படித்தான். முன்னால் ஒரு மீன்கண் லென்ஸ், பின்னால் ஒன்று. ஒவ்வொன்றும் 180 டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கும். அந்த அதிகப்படி விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து மென்பொருள் ஒட்டுகிறது. இதைத் தையல் என்பார்கள். ஒரே அழுத்தில் முழுக் கோளத்தையும் எடுக்கும் சிறிய கேமரா கடைக்கு வந்தது 2013-ல், ரிக்கோ தீட்டா. இன்று இன்ஸ்டா360, கோப்ரோ என்று பல வந்துவிட்டன.

ஒட்டிய கோளத்தைச் சேமிப்பதற்கு உலகப் படம்போல் தட்டையாக விரிக்கிறார்கள். அகலம் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. தட்டையாகப் பார்த்தால் வானமும் தரையும் ரப்பரை இழுத்த மாதிரி அகன்றிருக்கும். கோளத்துக்குள் திரும்ப ஏற்றியதும் சரியாகிவிடும்.

'5.7கே' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறதே, பிறகு ஏன் படம் மங்கலாகத் தெரிகிறது என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். 5.7கே என்றால் குறுக்காக 5760 புள்ளிகள். அவை 360 டிகிரிக்கும் பங்கிடப்படுகின்றன. ஆக ஒரு டிகிரிக்கு 16 புள்ளி. நல்ல பார்வையுள்ள கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளி வரை பிரித்தறியும். கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் திரையான ஹெட்செட்டில் ஒரு நேரத்தில் 100 டிகிரி அளவே தெரியும். அதாவது வாங்கிய 5760-ல் கண்ணுக்குக் கிடைப்பது 1600. 4கே என்றால் டிகிரிக்கு 11-கூட வராது. 8கே ஆனாலும் 22-ஐ எட்டாது. அதனால் தூரத்து மலைமுகடு, எதிர்க்கரை யானை எல்லாம் 360-ல் எடுபடாது. கேமராவிலிருந்து 2 முதல் 10 மீட்டருக்குள் இருப்பவைதான் இதில் உயிரோடு தெரியும்: பாறையின் வெடிப்பு, வேர், நீரோட்டம், பக்கத்தில் நிற்கும் மனிதர். மலை உச்சியில் வைத்தால்தான் பிரமாதமாக இருக்கும் என்று புதிதாகச் செய்பவர்கள் உச்சிக்கு ஓடுவார்கள். உச்சியில் பெரும்பாலும் பாதிக் கோளம் வெறும் வானம்.

இந்தப் படத்தில் தலையைத் திருப்பலாம், நடக்க முடியாது. ஓர் அடி முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தாலும் படம் உங்களோடேயே வரும். நடந்து சுற்றிப் பார்க்கும்படி முப்பரிமாணத்தில் கட்டும் முறைகளும் உண்டு. நூற்றுக்கணக்கான படங்களும் நல்ல கணினியும் வேண்டும். முதல் முயற்சிக்கு அவை தேவையில்லை.

கேமராவை எந்த உயரத்தில் வைப்பது

ட்ரைபாட்டின் உயரம்தான் பார்ப்பவரின் உயரம். 2 மீட்டரில் வைத்தால் காற்றில் மிதப்பதுபோல் இருக்கும், அடிவயிறு கலங்கும். 60 சென்டிமீட்டரில் வைத்தால் சிறு குழந்தையாகிவிட்ட உணர்வு. நின்று பார்ப்பவரின் கண்மட்டம் 150 முதல் 160 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் 110 முதல் 125.

எதைத் தேர்ந்தெடுப்பது? "அவர்கள் உட்கார்ந்துதானே பார்க்கப் போகிறார்கள்" என்று 115-லேயே எல்லாவற்றையும் எடுத்துவிடுவது வழக்கம். பாதி சரி, பாதி தப்பு. பாதையைக் கணிக்க உதவும் படங்களை 115-ல் எடுக்க வேண்டும். அந்த உயரத்திலிருந்து முள்செடி எவ்வளவு முகத்தில் அடிக்கும், கைப்பிடிச் சுவர் பார்வையை மறைக்கிறதா என்பது தெரியும். கோட்டை மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்க்கும் படத்தை 155-ல் எடுக்கலாம். பிறந்ததிலிருந்து எழுந்து நிற்காதவர் அந்த உயரத்தை விரும்பலாம், சங்கடப்படவும் செய்யலாம். இரண்டு உயரத்திலும் ஒவ்வொன்று எடுத்துவைத்து அவரிடமே கேட்பதுதான் நேர்மை.

மூன்று கால் அகன்று விரியும் சாதாரண ட்ரைபாட் வேண்டாம். கால்கள் எல்லாப் படத்திலும் விழும். ஒற்றைக் கம்பி, அடியில் சிறிய கால்கள் உள்ளது போதும். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் உள்ள குருட்டுப் பகுதிக்குள் கம்பி மறைந்துவிடும். பாறை மேல் காற்று அடிக்கும்போது இது சாயும். பை ஒன்றில் கல்லைப் போட்டுக் கம்பியின் அடியில் தொங்கவிடுங்கள். 360 கேமராவின் லென்ஸ் வெளியே புடைத்துக்கொண்டிருப்பதால் ஒருமுறை பாறையில் விழுந்தாலே வேலை முடிந்தது.

தையல் கோடு விழும் பக்கத்தில் ஒரு மீட்டருக்குள் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. இரண்டு லென்ஸும் ஒரே புள்ளியில் இல்லை. சில சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. பக்கத்தில் உள்ள பொருளை இரண்டும் வேறு வேறு கோணத்தில் பார்க்கும். ஒட்டும்போது மரம் இரண்டாகப் பிளந்து, மனிதரின் தோள் பாதி காணாமல் போகும். ஆகவே முக்கியமானதை ஏதாவது ஒரு லென்ஸுக்கு நேராக வையுங்கள். குறுகலான ஒற்றையடிப் பாதையில் முன் லென்ஸ் போகும் வழியையும் பின் லென்ஸ் வந்த வழியையும் பார்த்தால், தையல் பக்கவாட்டுப் புதரில் விழுந்து மறைந்துவிடும்.

சூளகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில் உள்ள கல்திட்டைகள் இதற்கு நல்ல சோதனை. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் அவை. வெளியே 2 மீட்டர் தள்ளி வைத்தால் படம் அருமையாக வரும். ஆசைப்பட்டு உள்ளே வைத்தால் நான்கு சுவரும் தையலுக்குள் மாட்டி, கல் வளைந்து நெளியும். உட்புறம் வேண்டுமானால் சாதாரணக் கேமராவை, லென்ஸுக்குள் ஒளி நுழையும் புள்ளியை மையமாக வைத்துச் சுழலும் தலையில் பொருத்தி, ஒவ்வொரு படமாக எடுத்து, ஹ்யூகின் போன்ற இலவச மென்பொருளில் ஒட்ட வேண்டும். நேரம் பிடிக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில், ராயக்கோட்டையும் சேர்த்து, ட்ரைபாட் வைக்க முன் அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை காலை 6 முதல் 8 மணி வரைதான் நம் பக்கத்துக்குச் சரி. அதற்கு மேல் மொட்டைப் பாறை வெளிறிவிடும், நிழல் கருகிவிடும். ஏப்ரல், மே வெயிலில் பாறை மேல் கேமராவே சூடேறித் தானாக அணைந்துவிடும். ஒவ்வொரு எடுப்புக்கும் நடுவில் அணைத்து நிழலில் வையுங்கள். தையல் கோட்டில் சூரியன் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் இரண்டு லென்ஸிலும் ஒளிக்கீற்று அடித்து, வானத்தின் நடுவே வகிடு எடுத்தது போல் கோடு தெரியும். சூரியன் ஒரு லென்ஸுக்கு மட்டும் கிடைக்கும்படி கேமராவைத் திருப்பினால் போதும்.

பரிசலில் தலைசுற்றல்

ஹெட்செட் போட்டவருக்கு ஏன் குமட்டுகிறது? கண் "நகர்கிறோம்" என்கிறது, உட்காது "இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டுகிறது. நகராத கேமராவில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. அதனால் அடிப்படை விதி: கேமராவைக் கையில் பிடித்து நடக்காதீர்கள். பாதை நெடுக ஓரிடம் விட்டு ஓரிடம் ஊன்றி, ஒவ்வொன்றிலும் 60 முதல் 90 விநாடி எடுங்கள். ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும்போது படம் கறுத்து, மறுபடி விரியட்டும்.

ஆனால் ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பரிசலை விட்டுவிட்டு வந்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்? பரிசல் ஒரேயடியாக நகர்வது மட்டும் இல்லை, சுழலும். பயணிகளை மகிழ்விக்கப் பரிசல்காரர் வேண்டுமென்றே சுற்றியும் விடுவார். நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது விளையாட்டு. ஹெட்செட்டில் பார்ப்பவருக்கு அதைவிடக் கொடுமை இல்லை. எல்லா நகர்வுகளிலும் சுழற்சிதான் உடம்பை அதிகம் படுத்தும்.

இதற்கு மூன்று காரியம் செய்யலாம். பரிசல்காரரிடம் "அண்ணா, இந்த ஒரு நடை மட்டும் சுத்தாம, நேரா, மெதுவா விடுங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேமராவைப் பரிசலின் நடுவில், உட்கார்ந்திருப்பவர் கண்மட்டத்தில், கம்பியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளோடு வையுங்கள். பரிசலின் வட்ட விளிம்பு படத்தில் சுற்றிலும் தெரிய வேண்டும். கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைப்பதால் குமட்டல் குறைகிறது. கடைசியாக, படத்தொகுப்பில் 'திசைப் பூட்டு' என்ற வசதியைப் போடுங்கள். அதைப் போட்டால் பரிசல் சுழன்றாலும் ஆறும் பாறையும் அசையாமல் நிற்கும், பரிசல் மட்டும் உங்களைச் சுற்றி மெல்லத் திரும்பும். போடாவிட்டால் பரிசல் நின்று, உலகமே சுற்றும். தொடுவானத்தை நேராக்கும் வசதி தனி. அதையும் சேர்த்தே போட வேண்டும்.

அருவிக்குப் பக்கத்தில் இன்னொரு தொல்லை. கன்னடத்தில் ஒகே என்றால் புகை, கல் என்றால் கல். புகையும் கல் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. அந்தச் சாரலில் ஒரு துளி மீன்கண் லென்ஸில் விழுந்தால் படத்தில் ஒரு வீட்டளவுக்கு மங்கும். சின்னத் திரையில் அங்கேயே பார்த்தால் தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். ஒவ்வோர் எடுப்புக்கு முன்னும் லென்ஸைத் துடைக்க வேண்டும். ஈரமான துணியால் துடைத்தால் திட்டுத் திட்டாகப் படியும் என்பதால் நான்கைந்து உலர்ந்த துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போங்கள்.

ஒகேனக்கல்லில் மறக்கக் கூடாதது குளிப்பவர்கள். சாதாரணக் கேமரா என்றால் வேறு பக்கம் திருப்பிவிடலாம். இது எல்லாப் பக்கமும் பார்க்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பவரும், ஈரப் புடவையில் கரையேறும் பெண்களும் அனுமதி தரவில்லை. கூட்டம் சேரும் முன் விடிகாலையிலேயே முடித்துவிடுங்கள். தப்பித் தவறி விழுந்த முகங்களை மறைத்த பிறகே யாரிடமும் கொடுங்கள்.

திரும்ப முடியாதவருக்கு 360 எதற்கு

சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் பின்னால் இருப்பதைப் பார்க்க நாற்காலியையே சுழற்ற வேண்டும். கழுத்தும் முழுக்கத் திரும்பாவிட்டால் அவருக்குக் கிடைப்பது 360 அல்ல, 120 டிகிரிதான். எனவே தொடக்கத்தில் எந்தப் பக்கம் பார்த்தபடி படம் திறக்க வேண்டும் என்பதை நீங்களே அமைத்துவிடுங்கள். முக்கியமானவை முன் பாதிக்குள் வரட்டும். மீதியைப் பார்க்க ஒரு பட்டன். ஒவ்வோர் அழுத்துக்கும் படம் 30 டிகிரி சட்டென்று மாறட்டும். வழுக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பினால் தலைசுற்றும். வெட்டி வெட்டித் திரும்பினால் சுற்றாது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று சிலர் வழுக்கலை வைத்துவிடுகிறார்கள்.

ஹெட்செட் எல்லோருக்கும் ஒத்துவராது. மெட்டா க்வெஸ்ட் 3 515 கிராம் எடை. கழுத்துத் தசை பலவீனமானவருக்கு, முதுகுத்தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கு, அரைக் கிலோ முகத்தில் தொங்குவது ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. பெருமூளை வாதத்தில் தலை தானாக அசைபவருக்குப் படமும் கூடவே ஆடும். இவர்களுக்கு டேப்லெட்டை நாற்காலியின் தாங்கியில் பொருத்தி, விரலோ ஜாய்ஸ்டிக்கோ பெரிய பட்டனோ வைத்துக் கொடுப்பது நல்லது. படுக்கையில் மல்லாந்து படுத்தவருக்கு ஹெட்செட் போட்டால் வெறும் வானம் தெரியும். படுத்த நிலையை 'நேர்' என்று எடுத்துக்கொள்ளும்படி திசையை மாற்றியமைத்த பிறகே கொடுக்க வேண்டும். வலிப்பு உள்ளவருக்கு இலைகளின் ஊடே வெயில் மின்னி மின்னி வரும் காட்சிகளைத் தவிர்த்து, மருத்துவரைக் கேட்ட பிறகே எதையும் காட்டுங்கள்.

போனைச் செருகும் அட்டைக் கண்ணாடி சில நூறு ரூபாய்தான். ஆனால் விலை குறைந்த பல போன்களில், போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இருப்பதில்லை. தலையைத் திருப்பினால் படம் திரும்பாது. வாங்கும் முன் அந்த போனில் ஒரு 360 வீடியோவைப் போட்டு, போனைச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.

காது கேளாதவருக்கு எழுத்து வேண்டும். எழுத்தை ஒரே இடத்தில் ஒட்டினால் அவர் வேறு பக்கம் திரும்பும்போது தவறிவிடும். ஒரே வரியை 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று இடத்தில், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இந்திய சைகை மொழி பேசுபவரை முன் பக்கத்தில் நிறுத்தி எடுத்தால் இன்னும் நன்று.

கண் தெரியாதவருக்குக் காடு

பார்வையற்றவருக்கு 360 படத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் ஒலியை மறந்துவிடுகிறார்கள். ஆம்பிசோனிக் என்ற முறையில் குறைந்தது நான்கு தடங்களில் ஒலியைப் பதிந்தால், தலையைத் திருப்பும்போது ஒலியும் திசை மாறும். இடக்காதில் கேட்ட ஓடை, இடப்பக்கம் திரும்பியதும் நேர் எதிரே வந்துவிடும். இதை அவர்களில் பலர் நுட்பமாகப் பிடித்துக்கொள்வார்கள். கேட்பதற்கு ஹெட்போன் கட்டாயம். போனின் ஸ்பீக்கரில் திசை தெரியாது.

கேமராவின் சொந்த மைக்கை நம்ப வேண்டாம். தனிப் பதிவுக் கருவியை அதே இடத்தில் வைத்து, ரோமம் போர்த்திய காற்றுத் தடுப்பு போட்டு, மூன்று நிமிடம் யாரும் பேசாமல், செருப்புச் சத்தம்கூட இல்லாமல் பதியுங்கள். மதில் மேல் காற்றுத் தடுப்பு இல்லாமல் பதிந்தால் லாரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போனது போல இரைச்சல்தான் மிஞ்சும். அருவிக்கு நேர் முன்னால் பதிந்தாலும் அதே கதை; எல்லாத் திசையிலும் ஒரே இரைச்சல். 200 மீட்டர் தள்ளி ஒன்று, 50 மீட்டரில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று மூன்று இடங்களில் பதிந்து அடுக்கினால், அருவியை நோக்கிப் போகிற உணர்வு வந்துவிடும்.

கூடவே சொல்விவரணை. "கண்ணைக் கவரும் இயற்கை எழில்" என்று எழுதினால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "வலப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இடுப்பு உயரச் சுவர். காரை உதிர்ந்து கல் துருத்திக்கொண்டிருக்கிறது. எதிரே நாலடிக்கு அப்பால் தரை முடிகிறது. கீழே கேட்கும் ஹாரன் ஊருக்குள்ளிருந்து வருகிறது." திசை, தூரம், உயரம், தொட்டால் எப்படி இருக்கும், ஒலி எங்கிருந்து வருகிறது. இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் 20 விநாடியாவது வாயை மூடிக்கொண்டு காட்டைப் பேச விட வேண்டும். அருவிக் காட்சியின்போது ஓடும் மின்விசிறிக்கு முன்னால் ஈரத் துண்டு ஒன்றைக் கட்டினால் முகத்தில் குளிர் அடிக்கும். செலவில்லாத வித்தை, குழந்தைகளிடம் நன்றாக எடுபடும்.

காட்டுக்குள் போகும் முன்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டங்களிலும் பரந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் நுழையவும் படமெடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் தொடங்குங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. 2024-ல் தமிழக அரசு 40 பாதைகளை இணையப் பதிவு, வழிகாட்டியோடு திறந்தது. அனுமதிக்கப்பட்ட பாதையில் எடுப்பதுதான் புதியவர்களுக்கு நல்லது.

மழையால் காடு பச்சையாக இருக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை படத்துக்கு ஏற்ற காலம். கேழ்வரகு முற்றும் காலமும் அதுதான். கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வருவதும் அப்போதுதான். வெளியூரில் எழுதப்பட்ட கையேடுகளில், "கேமராவை வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள், படத்தில் விழமாட்டீர்கள்" என்று இருக்கும். இங்கே அதைச் செய்யாதீர்கள். வனக்காவலரோடு கேமராவுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். படத்தில் இரண்டு பேர் தெரிந்தால் தெரியட்டும். பார்ப்பவருக்கும் தனியாகக் காட்டில் விடப்பட்ட பயம் இருக்காது.

நேரலை என்ற ஆசையையும் விட்டுவிடலாம். காட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும், பல இடங்களில் வரவே வராது.

படத்தின் மேல் எழுத வேண்டிய எண்கள்

படம் மட்டும் பாதையைச் சொல்லாது. மீன்கண் லென்ஸில் சரிவு தட்டையாகத் தெரியும். 15 டிகிரி ஏற்றம் சமதரை போல் ஏமாற்றும். எனவே ஒவ்வொரு புள்ளியிலும் டேப்பும், போனில் உள்ள சரிவு அளக்கும் செயலியும் கொண்டு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாதையின் மிகக் குறுகலான அகலம், சரிவு, படியின் உயரம், தரை மண்ணா சரளையா பாறையா, அடுத்து உட்கார இடம் எத்தனை மீட்டரில், கழிப்பறை எங்கே. சக்கர நாற்காலிக்குக் கட்டடங்களில் வைக்கும் சரிவு அளவு 12-க்கு 1, கிட்டத்தட்ட 4.8 டிகிரி; பாதை குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். மலைப்பாதையில் இந்த இரண்டும் எந்தப் புள்ளியில் உடைகிறது என்பதுதான் பார்ப்பவருக்கு வேண்டிய தகவல்.

சாலை இல்லாத மலைக் கிராமங்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது இந்த மாவட்டங்களுக்குப் புதிதல்ல. தூக்கிப் போக ஆள் உள்ள ஒருவருக்கு, எந்த வளைவில் டோலி திரும்பும், எங்கே இறக்கி வைக்க இடம் உண்டு என்பதும் எழுதத் தக்கதுதான்.

இந்தக் குறிப்புகளைப் படத்தின் மேல் தொடுபுள்ளிகளாகப் பதிக்கலாம். அதற்கான பேனலம், மார்ஸிபானோ என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். 12 முதல் 15 நிலைப்படங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு ஓர் அம்புக்குறி, அங்கங்கே குறிப்பு. முதல் முயற்சிக்கு இது போதும். 5.7கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி ஆகிவிடும். ஒரு நிலைப்படம் பெரும்பாலும் 20 எம்பிக்குள் அடங்கும். மலையடிவாரத்து இணைய வேகத்துக்கு எது ஏறும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாம் முடிந்து அனுப்பும்போது நடக்கும் ஒரு தவறு இருக்கிறது. 'இது கோளப்படம்' என்று சொல்லும் சிறு குறிப்பு கோப்புக்குள் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும்; எதிரில் இருப்பவருக்கு நீண்டு நெளிந்த பட்டைப் படம் மட்டும் போய்ச் சேரும். படத்தொகுப்பு மென்பொருளும் சில சமயம் இதை அழித்துவிடும். 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள். யூடியூப் 2015 முதல் 360 வீடியோவை ஏற்கிறது. ஆனால் குறிப்பு உள்ளே இருந்தால்தான் கோளமாகக் காட்டும். கூகுளின் இலவசக் கருவி ஒன்றால் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் காட்டுவது மூன்று பேருக்கு: ஒருவர் சக்கர நாற்காலிக்காரர், ஒருவர் பார்வையற்றவர், ஒருவர் ஊன்றுகோலோடு நடப்பவர். 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "இப்ப மலைமேல போறீங்கன்னா எந்த இடத்துல நிப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் காட்டும் புள்ளிக்கும் நீங்கள் அளந்து எழுதிய எண்ணுக்கும் பொருந்தவில்லை என்றால் குறிப்பைத் திருத்த வேண்டும், அல்லது அந்த இடத்தை மறுபடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் எடுத்த மாதத்தையும் வருடத்தையும் போட்டுவிடுங்கள்; ஒரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மண்பாதையில் பள்ளம் விழுந்திருக்கும், போன வருடம் அளந்த 90 சென்டிமீட்டர் இந்த வருடம் 60 ஆகியிருக்கும்.